உழைச்செல்வாரின் சுமை: இரத்தப் புற்றுநோயாளரைப் பேணும் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியரும் சுங்கை பூலோ தரும் பாடமும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என மூன்றைச் சொன்ன வள்ளுவர், நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்பவனை நிறுத்துகிறார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து இயங்குபவனே உழைச்செல்வான். பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு பண்புகளை வகுத்துரைக்கும்போது, பக்கத்தே நிற்பவனுக்கு நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகியவற்றை விதிக்கிறார். சரக சங்கிதையும் இவ்வாறே மருத்துவத்தை நான்கு பாதங்களின்மேல் நிறுத்தி, பணியாளனை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது.

உழைச்செல்வானிடம் இருக்க வேண்டியவை இவை என நூலோர் உரைத்துள்ளனர். அவற்றையெல்லாம் நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பது அங்குப் பேசப்படவில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் தாதிமையியலும் உளவியலும் இக்கேள்வியைத்தான் ‘பராமரிப்புச் சுமை’ என்னும் தலைப்பின்கீழ் ஆராய்ந்து வருகின்றன. இரத்தப் புற்றுநோயாளர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பேணும் தாதியரின் சுமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்சுமையின் இயல்பையும் கூறுகளையும் அளவிடும் முறைகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்ற சுங்கை பூலோவை இவ்விளக்கத்தின் களமாகக் கொள்கிறோம். இதில் தமிழ்க் கல்வியாளருக்கு உரிய பங்கு யாது என்பதையும் இறுதியில் சுட்டுவோம்.

தாதி, செவிலி என்னும் சொற்கள்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் ‘தாதி’ என்றும், தமிழகத்தில் ‘செவிலியர்’ என்றும் ஒரே தொழிலினரைக் குறிக்கிறோம். நம் தோட்டப்புற மக்களின் நாவில் ‘மிஸ்ஸி’ என்ற வழக்கும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இவற்றுள் தாதி என்பது, பாலூட்டி வளர்ப்பவள் என்னும் பொருளுடைய ‘தாத்ரி’ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. பணிப்பெண் என்ற பொருளிலும் அது தமிழில் வழங்கியுள்ளது. செவிலியோ அகப்பொருள் மரபின் வளர்ப்புத்தாய். தலைவியை வளர்த்தவள் அவளே. தோழியின் தாயும் அவளே. தலைவி உடன்போக்கு மேற்கொண்டபின் நற்றாய் வீட்டிலிருந்து வருந்த, செவிலி பாலை வழியே தேடிச் செல்கிறாள். கலித்தொகையின் ஒன்பதாம் பாடல் அவ்வாறு தேடிச் சென்றவள் வழியில் சான்றோரைக் கண்டு வினவியதையும், அவர்கள் அவளைத் தேற்றி அனுப்பியதையும் காட்டுகிறது. தான் பெறாத மகளுக்காகப் பாலையில் நடப்பவள் என்பதே செவிலிக்குத் தமிழ் தந்த உருவம்.

இச்சொற்கள் பெருமைக்குரியன, ஐயமில்லை. ஆயினும் அவை ஓர் இடரையும் உடன் கொண்டுவருகின்றன. இரண்டும் வீட்டிலிருந்து பிறந்த சொற்கள். தாயன்பும் பணிவிடையும் அளவிடப்படாதவை, ஊதியம் கருதாதவை என்பது வீட்டின் இலக்கணம். அவ்விலக்கணம் மருத்துவமனைக்குள் நுழையும்போது, தாதியின் பயிற்சியும் தொழில்நுட்ப அறிவும் பின்னொதுங்கி, அவர் இயல்பாகவே தாய்மை உடையவர், எனவே தாங்கிக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு முன்நிற்கிறது. தாதியரைத் ‘தியாகச் சுடர்கள்’ என மேடைகளில் புகழ்ந்துவிட்டு, அவர்தம் பணிநேரத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதற்கு இவ்வெதிர்பார்ப்பும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம்.

சுங்கை பூலோ: இடமும் வரலாறும்

மலாயாவில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வகைசெய்தது. அதன் பின்னர், மனிதத் தன்மையுள்ள குடியிருப்பு ஒன்று வேண்டும் என வலியுறுத்திய டாக்டர் டிரேவர்ஸ் முதலியோரின் முயற்சியால், 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. தோட்ட நகர் அமைப்பில், சிறு சிறு வீடுகளும் பள்ளியும் வழிபாட்டிடங்களும் கொண்டு அமைந்த இப்பள்ளத்தாக்கு, பின்னாளில் ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்ற பெயரைப் பெற்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் நோயாளர்கள் ஒரே காலத்தில் இங்கு வாழ்ந்ததுண்டு. சீனர், மலாய்க்காரர் ஆகியோருடன் தமிழரும் அவர்களுள் இருந்தனர்.

மருத்துவ அறிவியலுக்குச் சுங்கை பூலோ அளித்த கொடை பெரிது. தொழுநோய்க்குரிய டாப்சோன் மருந்தை நோய்க்கிருமி எதிர்த்து நிற்கக்கூடும் என்பது 1964ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த ஆய்வினாலேயே உறுதிப்பட்டது. அவ்வறிவின் வழியாகத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் பிற்காலத்தில் உலக வழக்காயிற்று.

இவ்வரலாற்றில் நம் பொருளுக்கு நெருக்கமானது வேறொன்று. அக்குடியிருப்பில் புண் கழுவிக் கட்டுப் போட்டவர்கள், ஊசி மருந்துக்கு உதவியவர்கள், படுக்கையில் கிடந்தோருக்கு உணவூட்டியவர்கள் ஆகியோருள் பலர் நோயாளர்களே. நோயின் தீவிரம் குறைந்தவர் நோய் முற்றியவரைப் பேணினர். பேணுவோருக்கும் பேணப்படுவோருக்கும் இடையே சுவர் இல்லாத நிலை அது. அங்குப் பிறந்த குழந்தைகள் தொற்றுக்கு அஞ்சிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பிரித்துக் கொண்டுபோகும் கைகளும் பேணுவோரின் கைகளாகவே இருந்தன. மருந்துகளின் வரலாறு ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளது. அக்கைகளின் சுமையோ பெரும்பாலும் வாய்மொழி நினைவுகளாகவே எஞ்சியுள்ளது.

2006ஆம் ஆண்டில் இப்பகுதியில் சுங்கை பூலோ மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. அதே காலத்தில் அம்பாங் மருத்துவமனை நாட்டின் இரத்தவியல் சிகிச்சைக்குரிய மேல்நிலை மையமாக வளர்ந்தது. மலேசியாவின் முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை இவற்றுக்கு முன்னரே, 1987இல், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்திருந்தது. எனவே இரத்தப் புற்றுநோய்க்கான சிறப்புச் சிகிச்சை அம்பாங், பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களிலும், தொற்றுநோய்க்கான சிறப்புச் சிகிச்சை சுங்கை பூலோவிலும் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பிரிவினை ஏற்பட்டது. 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது அப்பிரிவினையின் எல்லை கலைந்தது. நாட்டின் முதன்மைக் கோவிட் மருத்துவமனையாகச் சுங்கை பூலோ மாறியது. எதிர்ப்பாற்றல் குன்றிய இரத்தப் புற்றுநோயாளர்களைத் தொற்று மிகக் கடுமையாகத் தாக்கும் என்பதும், தடுப்பூசிக்கு அவர்களின் உடல் குறைவாகவே பதிலளிக்கும் என்பதும் விரைவில் உலகெங்கும் தெளிவாயின. ஒரே படுக்கையில் இரண்டு நோய்களையும் பேண வேண்டிய நிலை தாதியர்க்கு வந்தது.

இரத்தப் புற்றுநோயாளர் தீவிர சிகிச்சைக்கு வருவது ஏன்?

எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளணுக்கள் முதிர்ச்சியடையாமல் பெருகுவது இரத்தப் புற்றுநோயின் ஒரு பெரும் வகை. அவ்வாறு பெருகுவதால் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் போகிறது. சிவப்பணு குறைவதால் சோர்வும் மூச்சுத்திணறலும், தட்டணு குறைவதால் இரத்தக் கசிவும், முதிர்ந்த வெள்ளணு குறைவதால் தொற்றும் ஏற்படுகின்றன. கடும் வகை நோய்க்குத் தரப்படும் முதற்கட்ட வேதிமருந்துச் சிகிச்சை புற்றணுக்களோடு எஞ்சிய நல்ல அணுக்களையும் அழிக்கிறது. அதன்பின் மூன்று நான்கு வாரங்கள் நோயாளி ஏறக்குறைய எதிர்ப்பாற்றலே இல்லாமல் வாழ்கிறார். நலமுள்ளவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேலாக இருக்கும் தட்டணுக்கள் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கும். நுண்கிருமிகளை முதலில் எதிர்க்கும் நடுவமைவு வெள்ளணுக்கள் ஐந்நூற்றுக்கும் கீழே போகும்.

இந்நிலையில் உடல்வெப்பம் 38 பாகையைத் தாண்டினால் அது அவசர நிலை. சீழ் கட்டுவதற்குக்கூட வெள்ளணு இல்லாமையால் தொற்றின் வழக்கமான அடையாளங்கள் வெளிப்படா. காய்ச்சல் மட்டுமே எச்சரிக்கை மணி. ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நரம்பில் ஏற வேண்டும் என்பது நெறி. அது தவறினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கத் தொடங்கும். புற்றணுக்கள் ஒரே வேளையில் பெருமளவில் சிதைந்து இரத்தத்தின் உப்புநிலையைக் குலைப்பதும் உண்டு. இவையே நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலுக்குக் கொண்டுவருவன.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பே மனிதக் கைகளிலிருந்து பிறந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுவிட இயலாத நோயாளர்களுக்கு மருத்துவர் இப்சனின் வழிகாட்டலில் மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் காற்றுப்பையை அமுக்கி உயிர் காத்தனர். அதன் தொடர்ச்சியாக உருவானதே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு. பின்னர்ப் பையின் இடத்தைச் சுவாசக் கருவி பெற்றது. கருவியின் பக்கத்தில் நிற்கும் மனிதரின் தேவை மட்டும் நீங்கவில்லை.

ஒரு பணிமுறையின் வேலை

சுமை என்பதை விளக்க, தாதி ஒருவர் ஒரு பணிமுறையில் செய்வனவற்றைத் தொகுத்துக் காண்பது உதவும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர் அளவு ஆகியவற்றை மணிக்கொரு முறை அவர் பதிவுசெய்கிறார். பல மருந்தேற்றுக் கருவிகளின் வேகத்தை அழுத்தத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறார். மூச்சுக்குழாயிலுள்ள சளியை உறிஞ்சி எடுக்கிறார். படுக்கைப்புண் வாராதிருக்கக் குறித்த இடைவெளியில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். இவை எந்தத் தீவிர நோயாளிக்கும் உரியன.

இரத்தப் புற்றுநோயாளியிடத்தில் இவை ஒவ்வொன்றும் இருமடங்கு கவனத்தைக் கோருகின்றன. தட்டணு குறைந்தவரின் மூச்சுக்குழாயில் சளியை உறிஞ்சும்போது குருதி கசியும். சிறு அழுத்தமும் தோலில் கருநீலத் தடிப்பாகும். வேதிமருந்தால் வாயின் உட்பூச்சு வெந்து புண்ணாகியிருப்பதால் வாய் கழுவிவிடுவதே நுட்பமான வேலையாகிறது. மார்பிலோ கழுத்திலோ பதித்த மைய நரம்புக் குழாய் தொற்றின் நுழைவாயில் ஆகக்கூடும். அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் முழுத் தூய்மை வேண்டும். இரத்தமும் தட்டணுவும் ஏற்றும்போது பெயர், எண், இரத்தப் பிரிவு ஆகியவற்றை இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். வேதிமருந்துகளும் அம்மருந்து கலந்த கழிவுகளும் தாதியின் உடலுக்கே தீங்கு பயக்கக்கூடியன. எனவே கையுறையும் மேலங்கியும் தவிர்க்க இயலாதவை. தனிமை அறைக்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும் அவற்றை அணிந்து களைய வேண்டும். உள்ளே இருக்கையில் வெளியே மணி ஒலித்தால் ஓடிச் செல்லவும் இயலாது.

சுமையின் மூன்று கூறுகள்

‘பராமரிப்புச் சுமை’ என்னும் கருத்து முதலில் குடும்பத்தாரைப் பற்றியே எழுந்தது. மறதிநோய் கொண்ட முதியோரை வீட்டில் பேணும் உறவினரின் சுமையை அளக்க ஸாரிட் என்பவரும் உடன் ஆய்வாளரும் 1980இல் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினர். தொழில்முறையில் பேணுவோரின் நிலை வேறு என்பதால் அதற்கெனச் சில கருத்துகள் தனியே வளர்ந்தன. அவற்றை மூன்றாக வகுத்துக் காட்டலாம்.

முதலாவது, பணிச்சோர்வு. 1974இல் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலார் இதனைக் கட்டுரைப் பொருளாக்கினார். 1981இல் மாஸ்லாக், ஜாக்சன் ஆகியோர் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். உள்ளம் வறண்டுபோதல், நோயாளியை ஆளாகக் காணாமல் ஒரு வேலையாகக் காணுதல், தன் பணியால் பயனில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதனைப் பணிச்சூழல் சார்ந்த நிகழ்வாக ஏற்றுக்கொண்டது. நோய் என அது வகைப்படுத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குறை தனியாள் ஒருவரின் உள்ளத்தில் இருப்பதாகக் கொள்ளாமல், பணியின் அமைப்பில் தேட வேண்டும் என்பதே அவ்வகைப்பாட்டின் உட்பொருள்.

இரண்டாவது, பரிவுச்சோர்வு. தாதியரிடையே காணப்பட்ட இந்நிலைக்கு 1992இல் ஜாய்ன்சன் இப்பெயரை வழங்கினார். பிறர் துன்பத்தை இடைவிடாது பக்கத்திலிருந்து காண்பவரிடத்தில் பரிவே தேய்ந்துபோவதை இது குறிக்கும். இரத்தப் புற்றுநோயில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இச்சிகிச்சை மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. ஒரே நோயாளி மீண்டும் மீண்டும் வருகிறார். அவருடைய பிள்ளைகளின் பெயரும் பள்ளித் தேர்வும் தாதிக்குத் தெரிந்துவிடுகின்றன. பிற நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவு பெரும்பாலும் முகமறியாதவராகவே பெறுகிறது. இவரையோ அறிந்தவராகப் பெறுகிறது. எனவே இழப்பும் அறிந்தவரின் இழப்பாகிறது. இழப்புக்குப் பின் படுக்கை தூய்மை செய்யப்பட்டு, சில மணி நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுகிறார். துக்கத்திற்குப் பணிப்பட்டியலில் இடமில்லை.

மூன்றாவது, அறத்துன்பம். செய்ய வேண்டியது எது என உள்ளம் அறிந்தும், அமைப்பின் தடையால் அதைச் செய்ய இயலாமல் நிற்கும் நிலையை 1984இல் ஜேமட்டன் இவ்வாறு விளக்கினார். இரத்தப் புற்றுநோயாளருக்குச் சுவாசக் கருவி பொருத்துவதே பயனற்றது என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. சிகிச்சை முன்னேறியதால் அக்கருத்து மாறியது. 2007இல் பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று, இத்தகையோருக்குச் சில நாள்கள் முழுச் சிகிச்சை அளித்துப் பார்த்து அதன்பின் தொடர்வதா நிறுத்துவதா என முடிவெடுக்கலாம் என்ற முறையை வெளியிட்டது. தொடக்கத்திலேயே யார் பிழைப்பார் என உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே அதன் அடிப்படை. பலருக்கு உயிர்வாய்ப்பைத் தந்த நல்ல முறை அது. ஆனால் அந்தச் ‘சில நாள்கள்’ யாருடைய கைகளில் கழிகின்றன என்பதை நாம் கேட்க வேண்டும். முடிவெடுப்பவர் மருத்துவர், இசைவளிப்பவர் குடும்பத்தார், ஊசி குத்துபவரும் சளி உறிஞ்சுபவரும் வலியில் சுருங்கும் முகத்தை மிக அருகில் காண்பவரும் தாதி. முடிவில் பங்கில்லாமல், அம்முடிவைச் செயற்படுத்தும் கடமை மட்டும் இருப்பதே அறத்துன்பத்தின் வேர்.

கோவிட் காலத்தில் இம்மூன்றும் ஒருங்கே பெருகின. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டினைத் தாதியர்க்கும் மருத்துவிச்சியர்க்கும் உரிய ஆண்டாக அறிவித்திருந்தது. உலகில் ஏறத்தாழ 59 இலட்சம் தாதியர் பற்றாக்குறை எனவும் அவ்வாண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. அதே ஆண்டில்தான் பெருந்தொற்று வந்தது. மலேசியாவில் 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. கிள்ளான் பள்ளத்தாக்கின் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிறைந்து வழிந்தன. உறவினர் உள்ளே வர இயலாத நிலையில், இறப்பவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து நிற்பதும் தாதியின் வேலையாயிற்று.

சுமையை அளத்தல்

அளக்கப்படாதது கணக்கில் வருவதில்லை. கணக்கில் வாராததற்கு ஆள் அமர்த்தப்படுவதுமில்லை. ஆகவே சுமையை அளப்பது வெறும் புள்ளியியல் முயற்சியன்று. 1974இல் உருவான முதல் முறை, நோயாளிக்குச் செய்யப்படும் மருத்துவச் செயல்களை எண்ணியது. கருவிகள் மிகுந்தால் வேலையும் மிகும் என்பது அதன் துணிபு. 2003இல் மிராண்டா குழுவினர் ‘தாதிமைச் செயற்பாட்டு மதிப்பெண்’ என்ற 23 கூறுகள் கொண்ட முறையை வெளியிட்டனர். ஒரு தாதியின் முழுப் பணிநேரத்தை 100 எனக் கொண்டு, ஒரு நோயாளிக்கு எத்தனை விழுக்காடு தேவைப்படுகிறது என இது காட்டுகிறது. பழைய முறையின் சுருங்கிய வடிவம் தாதியரின் நேரத்தில் 43 விழுக்காட்டை மட்டுமே விளக்க, இப்புதிய முறை 81 விழுக்காட்டை விளக்கியது.

இடைப்பட்ட அந்த நேரம் எங்கே இருந்தது? உடல் தூய்மை செய்தல், புரட்டிப் படுக்கவைத்தல், பதிவேடு எழுதுதல், நோயாளிக்கும் உறவினர்க்கும் ஆதரவாக இருத்தல் ஆகியவற்றில் இருந்தது. உறவினரோடும் நோயாளியோடும் ஒரு பணிமுறையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செலவிட நேர்ந்தால் 4 மதிப்பெண்ணும், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் 32 மதிப்பெண்ணும் இம்முறையில் தரப்படுகின்றன. ஆறுதல் சொல்லுதல் ஒரு வேலை, அதற்கு நேரம் பிடிக்கும் என்பதை எண்ணால் ஒப்புக்கொண்ட முறை இது. வள்ளுவர் நான்காம் கூறாக நிறுத்தியதை அளவையியல் இங்கு வந்தடைந்திருக்கிறது எனலாம்.

அளவு ஏன் உயிர்ப்பொருளாகிறது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளரை ஆராய்ந்து ஐக்கனும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடுதலாகும்போது, 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், தாதி பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்ந்தன. தாதியின் சுமையும் நோயாளியின் உயிரும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பது இதனால் விளங்கும். மலேசியாவில் 2024இல் தாதியரின் வார வேலைநேரத்தை 45 மணியாக உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பையும், அதன் நடைமுறை தள்ளிவைக்கப்பட்டதையும் இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும்.

மொழி என்னும் மறைந்த சுமை

சுமையின் கூறுகளுள் ஆய்வுகள் போதிய அளவு கவனியாத ஒன்று மொழி. சுங்கை பூலோவைச் சூழ்ந்த நிலம் ஒருகாலத்தில் ரப்பர்க்காடு. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமும் இங்கே இருந்தது. டிரசரும் சிறு மருத்துவமனையும் உள்ள தோட்டங்களில் வாழ்ந்து, பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த தமிழ் முதியோர் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் உள்ளனர். அவர்களுக்குக் கடைத்தெரு மலாய்மொழி கைவரும். நோயில் கைவருவது தாய்மொழியே. காய்ச்சலிலும் மயக்கமருந்திலும் அறிவு கலங்கும்போது, பின்னாளில் கற்ற மொழி பின்வாங்கிவிடுவதுண்டு.

வலியைச் சொல்லத் தமிழில் உள்ள வினைச்சொற்களை எண்ணிப் பார்ப்போம். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, தெறிக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. மூச்சு வாங்குகிறது என்பது வேறு. மூச்சு முட்டுகிறது என்பது வேறு. நெஞ்சு கரிப்பதும் நெஞ்சு அடைப்பதும் ஒன்றல்ல. ‘வாய் வெந்து போச்சு’ என ஒரு பாட்டி சொன்னால், வேதிமருந்தின் விளைவை அவர் மிகத் துல்லியமாகவே சொல்லிவிட்டார். இவற்றையெல்லாம் மலாய்மொழியில் ‘சாக்கிட்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி அவர் கூற நேரும்போது, நோய்க்குறி ஒன்று தொலைந்துபோகிறது. தொலைந்ததை முகக்குறிப்பிலிருந்து மீட்டெடுக்கும் வேலை தாதியின் தலையில் விழுகிறது. மூச்சுக்குழாய் பொருத்தியபின் அந்தச் சொல்லும் இல்லை. கண்ணசைவும் விரலசைவும் மட்டுமே உண்டு.

தமிழறிந்த தாதி ஒருவர் அப்பணிமுறையில் இருந்தால், தம் நோயாளியைப் பேணுவதோடு அடுத்த படுக்கைக்கும் மொழிபெயர்க்க அழைக்கப்படுவார். குடும்பத்தாருக்கு மருத்துவர் சொல்லும் கடினமான செய்தியைத் தமிழில் சொல்லும் வாயும் அவருடையதாகிவிடும். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற தொடரைத் தாய்மொழியில் மொழிபெயர்ப்பவர் அதை முதலில் தம் உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறார். இவ்வுழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

செய்யத்தக்கன

சுமையைக் குறைக்கும் வழிகளுள் முதன்மையானது போதிய ஆள்பலம். தியானப் பயிற்சியும் ஊக்கவுரையும் அதற்கு ஈடாகா. இறப்பு நிகழ்ந்தபின் சில நிமிடம் கூடிப் பேசுவதற்கு இடமளித்தல், சிகிச்சை இலக்குகளை முடிவுசெய்யும் கூட்டங்களில் படுக்கைத் தாதியையும் சேர்த்தல், நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுவைத் தொடக்கத்திலேயே அழைத்தல் ஆகியன அறத்துன்பத்தைத் தணிக்கும் வழிகளாக மருத்துவ இலக்கியம் சுட்டுவன. இவை மருத்துவமனைகளின் பொறுப்பு.

நம் துறையின் பொறுப்பு வேறு, அது சிறிதுமன்று. முதலாவதாக, வலி, மூச்சு, வயிறு, உறக்கம், அச்சம் ஆகியவற்றுக்கான பேச்சுத்தமிழ்ச் சொற்களையும் அவற்றுக்கு நேரான மலாய் விளக்கங்களையும் கொண்ட கையேடு ஒன்றைத் தமிழ் மாணவர்கள் தாதியரோடு சேர்ந்து தொகுக்கலாம். பேச இயலாத நோயாளி விரலால் சுட்டுவதற்கேற்ற படமும் சொல்லும் அமைந்த அட்டை அதன் ஒரு பகுதியாகலாம். அகராதிச் சொல்லைவிடத் தோட்டத்து வழக்கே இங்குப் பயன்படும் என்பதால், வட்டார வழக்காய்வு இதனால் உயிர்காக்கும் துறையாகிறது. இரண்டாவதாக, பணிச்சோர்வு, பரிவுச்சோர்வு, அறத்துன்பம் போன்ற கலைச்சொற்களைத் தெளிவுபடுத்தி வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். பெயரில்லாத துன்பத்தை எவரும் மேலதிகாரியிடம் முறையிட இயலாது. மூன்றாவதாக, ஓய்வுபெற்ற தமிழ்த் தாதியர், தோட்ட மருத்துவமனைப் பணியாளர், சுங்கை பூலோ குடியிருப்பில் பேணியும் பேணப்பட்டும் வாழ்ந்தோர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யலாம். குடியிருப்பின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. கட்டடங்களைப் போலவே நினைவுகளுக்கும் கால எல்லை உண்டு.

முடிவுரை

இரத்தப் புற்றுநோயாளரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பேணுதல் உடலுழைப்பும் நுண்ணறிவும் அறவுணர்வும் ஒருங்கே செலவாகும் பணி என்பதையும், அச்செலவு மூவகைச் சோர்வாக வெளிப்படுகிறது என்பதையும், அதனை அளந்து கணக்கிற் கொள்ளுதல் நோயாளியின் உயிர்காப்போடு தொடர்புடையது என்பதையும் மேலே கண்டோம். சுங்கை பூலோவின் வரலாறு, பேணுவோர் எக்காலத்தும் இருந்தனர் என்பதையும், அவர்தம் சுமை எழுதப்படாமலே போயிற்று என்பதையும் உணர்த்துகிறது.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் நிலைகொள்ளா. நோயாளிக்கும் மருத்துவருக்கும் மருந்துக்கும் நாம் தந்துவரும் கவனத்தைப் பக்கத்தே நிற்பவருக்கும் தருதல் வேண்டும். அதற்குத் தமிழ்க் கல்வியாளர் செய்யக்கூடிய முதற்பணி, அவர் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பதே.